பட்டாசலில் அவரை, அடுக்களையில் பிரண்டை

எங்கள் ஆச்சி வீட்டின் கூரை 2018 ஐப்பசி மழையில் இறங்கியது. வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஊர். ஆச்சி போய் நாலு வருடம் ஆகியிருந்தது. விளக்கேற்ற ஆள் இல்லாத வீடு எத்தனை நாள் நிற்கும்? ஓடு சரிந்தது, கைமரம் ஒடிந்தது, அடுத்த இரண்டு மழைக்காலத்தில் மண்சுவர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன.

நான் பாளையங்கோட்டையில் ஓவிய ஆசிரியை. 2020-ல் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது ஊருக்குப் போய்ப் பார்த்தேன். அரங்கு என்று நாங்கள் சொல்லும் உள்ளறையின் மூன்று சுவர், பட்டாசல் என்கிற கூடத்தில் ஒற்றை மரத்தூண், முன்வாசல் கல்படி, பாத்திரம் கழுவும் அங்கணத்துக் கல், ஆட்டுரல், புறவாசல் கிணறு. மிச்சம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் மண்மேடு, அதன்மேல் சீமைக்கருவேல்.

தம்பி விற்றுவிடலாம் என்றான். அவனுக்கும் பிள்ளைகளின் படிப்புச் செலவு இருக்கிறது, தப்பு சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் கொடு, அதற்குள் ஒன்று செய்து பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். எனக்குத் தோன்றியது இதுதான்: வீட்டைத் திரும்பக் கட்டப் பணம் இல்லை. ஆனால் எந்த அறை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தந்த அறையை அந்தந்த இடத்திலேயே செடியால் எழுப்பினால் என்ன? உள்ளே நடந்து போகிறவர்களுக்கு இது முன்கட்டுத் தார்சா, இது பட்டாசல், இது அடுக்களை என்று தெரிய வேண்டும். வருடா வருடம் அது மாறவும் வேண்டும், ஆட்கள் குடியிருக்கும் வீடு மாறுகிற மாதிரி.

சீமைக்கருவேலை வேரோடு எடுத்தபிறகு, கோலப்பொடியால் தரையில் அறைகளை வரைந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியம்மை சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஏளா, அடுக்களை இம்புட்டுப் பெருசாவா இருந்துச்சு? ஒங்க ஆச்சி குனிஞ்சுல்லா உள்ள போவா" என்றாள். அவள் சொன்னது சரி. எட்டு வயதில் பார்த்த அடுக்களையை எட்டு வயதுக் கண்ணால் வரைந்திருந்தேன். கோட்டை அழித்து உள்ளே தள்ளிப் போட்டோம். இதுமாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். செடி வாங்குவதற்கு முன் ஒரு மாதம் தரையில் பொடியால் வரைந்து, அதற்குள் நடந்து பாருங்கள். அந்த இடத்தில் புழங்கிய வயசாளி ஒருவரைக் கூட நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு பெரிய தாளில் நீர்வண்ணத்தில் முழுப் படமும் போட்டேன். பட்டாசல் மேல் பந்தல், பந்தல் நிறைய அவரைப்பூ. அரங்குச் சுவரில் வெற்றிலை. முற்றத்தில் சங்குப்பூ. அடுக்களையில் பிரண்டையும் முடக்கறுத்தானும் கறிவேப்பிலையும். அழகான படம். ஆனால் அதில் எல்லாச் செடியும் ஒரே நாளில் பூத்திருந்தன. இருபது வருடம் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்தப் பிழை கண்ணில் படவில்லை. அவரைதான் காட்டிக்கொடுத்தது.

2021 தைப்பொங்கலுக்குப் பெரியம்மை வீட்டுப் பந்தலில் காய்த்த அவரையில் விதை எடுத்து, அந்த மாதமே ஊன்றினேன். கொடி பிய்த்துக்கொண்டு போனது. சித்திரைக்குள் பந்தல் முழுக்க இலை. பூ இல்லை. வைகாசி, ஆனி, ஆடி, பூ இல்லை. சத்து போதவில்லை என்று நினைத்துத் தொழுவுரத்தை மேலும் மேலும் போட்டேன், இலை இன்னும் தடித்தது. பெரியம்மை சிரிக்காமல் சொன்னாள்: "அவரைக்குப் பனி விழணும்ளா. நீ அதுக்குச் சோறு போட்டு என்ன செய்ய?"

நாட்டுக் கொடியவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் கார்த்திகை, மார்கழியில் பூத்து, தை மாசியில் காய்க்கும். தையில் ஊன்றினாலும் அடுத்த கார்த்திகை வரை காத்துக்கொண்டுதான் இருக்கும். எட்டு மாதம் வெறும் இலையைத் தூக்கிச் சுமந்தது என் பந்தல். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டவள்தான். அது மழையைப் பற்றிய பேச்சு என்று நினைத்திருந்தேன், அதற்குள் வெளிச்சக் கணக்கும் இருக்கிறது.

அதோடு நீர்வண்ணப் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கட்டம் போட்டேன். மேலே பன்னிரண்டு தமிழ் மாதம், பக்கத்தில் அறைகளின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயம்: அந்த மாதம் அந்த அறையில் தலைக்கு மேல் என்ன, கண்ணுக்கு நேரே என்ன, தரையில் என்ன. இந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு ஒரு வருடம் ஆனது. இப்போதும் அதைத்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையில் நான் கற்றது எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. எது எப்போது வரும், எது போனபிறகு அந்த இடம் யாருக்கு என்பதை முடிவு செய்துவிட்டால், வடிவத்தைச் செடி பார்த்துக்கொள்ளும்.

பட்டாசல் கூரை மட்டும் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். ஆடியில் அவரை ஊன்றுகிறோம். கார்த்திகையில் கூரை ஊதாப்பூ. மாசிக் கடைசியில் கொடியை அடியில் அறுத்து, ஒரு வாரம் காயவிட்டு இறக்குகிறோம். அதற்குள் தையிலேயே பந்தலின் மற்றக் கால்களின் அடியில் பீர்க்கும் புடலையும் போட்டிருப்போம், பங்குனிக் கடைசியில் அவை மேலே போய்விடும். சித்திரை வெயிலுக்குப் பச்சைக்கூரை, அதிலிருந்து தொங்கும் புடலங்காய்களுக்கு நுனியில் கல் கட்டியிருப்போம். ஆனியில் காற்று பிடித்ததும் அவையும் முடிந்துவிடும். பிறகு ஐந்தாறு வாரம் கூரை இல்லை. முதலில் அந்த இடைவெளியை அடைக்கப் பார்த்தேன். கால்வாயில் கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருகிற சமயம் அது. ஒரு ராத்திரி அங்கே பாய் விரித்து உட்கார்ந்தபோது, வெறும் கம்புகளுக்கு நடுவே நிலா நேராகப் பட்டாசலில் விழுந்தது. கட்டத்தில் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டேன்.

இனி நிழல். இதில் நான் பட்ட பாடு எல்லோருக்கும் உதவும்.

நான் திட்டம் போட்டது மார்கழியில். அரங்கின் தென்பக்கத்துச் சுவர் 10 அடி உயரம். உச்சி வேளையில் அதன் நிழல் வடக்கே ஆறடிக்கு மேல் விழுந்தது. குளிர்ச்சியான இடம், வெற்றிலைக்கொடிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று அங்கே நட்டேன். பங்குனி வரை பளபளவென்று இருந்தது. வைகாசியில் ஒருநாள் போய்ப் பார்க்கிறேன், மேலிலைகள் எல்லாம் நடுவில் வெளுத்து, ஓரம் காபிக்கொட்டை நிறத்தில் சுருண்டு கிடக்கின்றன. தொட்டால் அப்பளம் போல நொறுங்கியது. தண்ணீர் விட்டிருந்தேன், மண்ணில் ஈரமும் இருந்தது. அண்ணாந்து பார்த்தால், உச்சிவெயில் சுவருக்கு இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

திருநெல்வேலிப் பக்கம் சூரியன் வருடத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. ஒன்று சித்திரை பிறப்பதை ஒட்டி, ஏப்ரல் 12 வாக்கில். இன்னொன்று ஆகஸ்ட் கடைசியில். அந்த இரண்டுக்கும் நடுவே உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, சுவரின் நிழல் தெற்கே விழுகிறது. அதே 10 அடிச் சுவருக்கு ஆனி மாத உச்சியில் தெற்கே இரண்டரை அடி நிழல்தான், வடக்கே துளி நிழல் இல்லை. வடபுறம் எப்போதும் நிழல் என்று வடக்கேயிருந்து வரும் தோட்டப் புத்தகங்கள் சொல்வது நம் ஊருக்கு ஏழெட்டு மாதம்தான் சரி. வெற்றிலையைப் பந்தலுக்கு அடியில், பூவரசின் ஓரத்துக்கு மாற்றினேன். பிழைத்துக்கொண்டது.

இதைக் கண்டுபிடிக்க உதவியது பட்டாசலில் தப்பி நின்ற தூண். 7 அடித் தூண், மேலே தாமரை மொட்டு மாதிரிச் செதுக்கு. ஒவ்வொரு தமிழ் மாதம் முதல் தேதியும் உச்சி வேளையில் அதன் நிழல் நுனி விழுகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லைப் பதித்தேன். நம் பக்கத்தில் உச்சி வேளை கடிகாரத்தில் 12 மணி அல்ல, 12 மணி 20 நிமிடத்தை ஒட்டி வரும், மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்பின். மார்கழிக் கல் தூணுக்கு வடக்கே நாலடிக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனிக் கல் தெற்கே ஒன்றேமுக்கால் அடியில். சித்திரைக் கல்லைத் தூணின் பாதத்தை ஒட்டியே வைக்க வேண்டியிருந்தது. அளவுக்காக வைத்த கற்கள், இப்போது வருகிற பிள்ளைகள் முதலில் ஓடிப்போய் நிற்கிற இடமாகிவிட்டன. சித்திரை ஒன்றாம் தேதியை ஒட்டித் தெருப்பிள்ளைகள் பத்துப் பேர் வந்து தூணுக்கு நிழல் இல்லாததைப் பார்க்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை தன் காலடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "என் நெழலு எங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

பந்தல்கால்களுக்குப் பூவரசம் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டோம். உயிருள்ள தூண் வேண்டும் என்பது என் ஆசை. ஒதியமும் கல்யாண முருங்கையும்கூடப் போத்தில் வரும், ஆனால் பூவரசின் உறுதி அவற்றுக்கு இல்லை. கைமணிக்கட்டுத் தடிமனில் 8 அடி நீளம், அடியைச் சாய்த்து வெட்டி, நுனி வெட்டுவாயில் சாணி அப்பி, புரட்டாசிக் கடைசியில் இரண்டடி ஆழத்தில் நட்டது. மரத்தில் இருக்கும்போதே அடிப்பக்கத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட வேண்டும். வெட்டிப் போட்டபிறகு தலை எது அடி எது என்று குழப்பம் வரும், தலைகீழாக நட்டால் போச்சு. பன்னிரண்டில் ஒன்பது துளிர்த்தன.

துளிர்த்த சந்தோஷத்தில் உடனே பந்தலை அவற்றின்மேல் ஏற்றினேன். ஆடிக்காற்றில் பந்தல் ஆட, கால்களும் சேர்ந்து ஆடின. புதிதாக விட்ட வேர்முடிகள் மண்ணுக்குள் அறுந்துபோகும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று கால்கள் இலை வாடி நின்றுவிட்டன. இரண்டாம் தடவை, முதல் வருடப் பாரத்தை மூங்கில் தாங்கியது. பூவரசு பக்கத்தில் சும்மா நின்றது. அடுத்த வருடம் மூங்கிலை எடுத்தோம். கால்களுக்கு நடுவே ஐந்தடி விட்டிருந்தேன், அதுவும் நெருக்கம். 10 அடி வேண்டும். வருடா வருடம் தலையை வெட்டாவிட்டால் பந்தலை மீறிப் போய்விடும்.

இன்னொன்று, கம்பி. குறுக்குக் கம்புகளைப் பூவரசோடு இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தேன். இரண்டாவது வருடம் ஒருநாள் பட்டையில் உதடு மாதிரி ஒரு தடிப்பு. கிட்டப் போய் விரலால் தடவிப் பார்த்தேன். கம்பியைக் காணோம். பட்டை அதன்மேல் மூடிக்கொண்டிருந்தது. கட்டுக்கு மேலே தண்டு பருத்தும், கீழே மெலிந்தும் இருந்தது. இலையில் சமைத்த சத்து பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். நான் கழுத்தில் சுருக்குப் போட்டிருக்கிறேன். குறடும் கத்தியும் வைத்து அரைநாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு மரத்தில் எடுக்க முடியவில்லை, அது இன்னும் உள்ளேயே இருக்கிறது. இப்போது தென்னங்கயிறும் பனைநாரும்தான். அவை ஒரு மழைக்காலத்தில் இற்றுப்போகும், திரும்பக் கட்ட வேண்டும். கட்டும்போதெல்லாம் ஒவ்வொரு காலையும் கிட்ட இருந்து பார்க்கிறேன், அது தனி லாபம்.

அடுக்களையில் கறிவேப்பிலை வைத்த இடம் கஷ்டப்படுத்தியது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய சுண்ணாம்புக் காரைச்சாந்து அங்கேதான் கொட்டிக் கிடந்தது. மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டேன், நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. இடிந்த வீட்டு மனையில் செடி வைக்கிறவர்கள் எல்லாரும் இந்த எலுமிச்சைச் சோதனையை முதல்நாளே செய்துவிடலாம், செலவே இல்லை. காரைத்தூளை வாரி நடைபாதைக்குப் போட்டேன். மிச்சம் இருந்த இடத்தில் பிரண்டையை வைத்தேன். கணுவோடு ஒரு துண்டு ஒடித்துச் செருகினால் போதும், தண்ணீர்கூடக் கேட்காது. இப்போது அடுக்களைக்குச் சுவரே அதுதான்.

இந்தத் தோட்டத்தில் நான் மனதார நேசிப்பது குலுக்கையை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நெல் கொட்டி வைக்கிற மண்கலம், சுடாத மண், ஆள் உயரம் இருக்கும். ஆச்சி வீட்டு அரங்கில் இரண்டு இருந்தன. கோடைவிடுமுறையில் நாங்கள் அதற்குப் பின்னால்தான் ஒளிந்து விளையாடுவோம். வீட்டோடு அவையும் கரைந்துவிட்டன. அதே இடத்தில் ஒரு குலுக்கை எழுப்பி, அதற்குள் விதை வைத்து, மழையில் கரையக் கரைய அது செடியாக மாற வேண்டும் என்று எண்ணினேன்.

காருகுறிச்சியில் சட்டி பானை வனைகிற அண்ணாச்சி ஒருவர் வந்து கற்றுக்கொடுத்தார். அவருடைய அம்மா குலுக்கை போட்டதை அவர் பார்த்திருக்கிறார், தான் போட்டதில்லை. குளத்து வண்டலும் நறுக்கின வைக்கோலும் சேர்த்து மிதித்தோம். காலைத் தூக்கினால் மண் ஒட்டாமல் விடுகிற பதம் வேண்டும். உறை உறையாக, அதாவது வளையம் வளையமாக, எழுப்ப வேண்டும். ஒரு உறை வைத்து ஐந்தாறு நாள் காயவிட்டு அடுத்தது. அவசரப்பட்டால் கீழ் உறை பிதுங்கிவிடும். 2022 மாசியில் ஆரம்பித்தது, ஐந்தடி எழும்பப் பங்குனி முடிந்தது.

முதல் உறையில் மண்ணோடேயே கேழ்வரகைக் கலந்து மிதித்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், ஈர மண்ணின் மேலெல்லாம் வெள்ளை நூல் மாதிரி முளை. ஊசிமுனை அளவு பச்சை. எனக்கு அப்படி ஒரு பூரிப்பு. அண்ணாச்சி வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மண் காய்ந்தது, முளையெல்லாம் கருகி மண்ணோடு ஒட்டிக்கொண்டது. மிதிக்கிற ஈரமே முளைக்கப் போதும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கலைத்து மறுபடியும் தொடங்கியபோது அண்ணாச்சிதான் வழி சொன்னார்: "ஒடம்புல வெத வேண்டாம் டீச்சர். கடைசில பூசுவோம்லா, அந்தப் பூச்சுல போடுங்க. சித்திர வெயில்ல ஒரே நாள்ல காஞ்சிரும்."

அப்படியே செய்தோம். உடல் வெறும் மண். மேல்பூச்சு விரல் தடிமன், அதில் மட்டும் விதை. கேழ்வரகை விட்டுவிட்டு ஆவாரையும் கொழுஞ்சியும் சங்குப்பூவும் எடுத்துக்கொண்டேன். மூன்றுக்கும் தோல் கெட்டி, சட்டென்று தண்ணீர் குடிக்காது, மாதக்கணக்கில் காத்திருக்கும். எறும்பும் அவ்வளவாக இழுத்துப் போகவில்லை. சிறுதானியம் என்றால் ஒரே வாரத்தில் காலிசெய்துவிடும். பிசான நெல் நடவுக்கு முன் வயலில் உரத்துக்காகக் கொழுஞ்சியை மிதித்த ஊர் இது, விதைக்கு அலையவே வேண்டியதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்ததும், மழை வந்து அடிக்கிற வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் பூச்சு இளகி முளைத்தது. மற்றப் பக்கம் வெறும் மண்ணாகவே நின்றது. அடுத்த வருடத்துக்குள், வேர் பிடித்த பக்கம் உறுதியாகவும் வேர் இல்லாத பக்கம் வாய்க்கால் வாய்க்காலாகக் கரைந்தும் இருந்தது. அந்தக் கோடுகளை நான் எந்தத் தாளிலும் வரைந்திருக்க முடியாது. மாதம் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன், எப்போதும் ஆட்டுரல்மேல் ஏறி நின்று, அதே திசையில். இந்த மாதிரி வேலைக்கு மாறாத ஒரு இடத்திலிருந்து படம் எடுப்பது மிகவும் முக்கியம். தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றமே தெரியாது.

பிறகு 2023 டிசம்பர் 17, 18. தென்மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் அந்தத் தேதியைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணி கரை தாண்டியது. நான் பாளையங்கோட்டையில் மாட்டிக்கொண்டேன், போனும் இல்லை. ஐந்தாம் நாள்தான் ஊருக்குப் போக முடிந்தது. பெரியம்மையைப் பார்த்தபிறகுதான் தோட்டத்துப் பக்கம் திரும்பினேன்.

அரங்கின் மேற்குச் சுவர் சந்துக்குள் விழுந்து கிடந்தது. ராத்திரி விழுந்ததால் ஆள் இல்லை. பகலாக இருந்தால் பிள்ளைகள் சைக்கிள் விடுகிற சந்து அது. அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தை என்னால் மறக்க முடியாது. கூரை போன மண்சுவர் மேலிருந்து தண்ணீர் குடிக்கும். அதை 10 அடி உயரத்தில் அழகுக்காக நிறுத்தி வைத்தது என் தப்பு. மிச்சம் இரண்டு சுவரையும் கொத்தனாரை வைத்து நாலடிக்கு இறக்கி, மேலே சரிவாகச் சுண்ணாம்புக் காரை பூசினோம். வெற்றிலைக்கு நிழல் தேடியதெல்லாம் இந்தச் சுவரில்தான். நிழல் போனால் போகட்டும். நீங்கள் பழைய சுவரை வைத்து ஏதாவது செய்வதாக இருந்தால், முதல் செலவு கொத்தனாருக்காக இருக்கட்டும்.

குலுக்கை உள்பக்கமாக மடிந்து மேடாகக் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. பொங்கல் கழிந்து போனபோது மேடு முழுக்கக் கொழுஞ்சி. உள்ளே புதைந்திருந்த பூச்செல்லாம் மேலே வந்திருக்கிறது. நடுவில் ஆவாரை நாலைந்து, ஓரத்தில் யாரும் போடாத தும்பையும் கீழாநெல்லியும். ஆவாரை அந்த ஆவணியிலேயே பூத்தது. ஐந்தடிக் குலுக்கை இப்போது முழங்கால் உயர மேடு, மஞ்சளாகப் பூக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்குக் கிளுவைப்போத்து வேலி போதும், ஆனால் வேலி அடைய இரண்டு வருடம் ஆகும். அதுவரை உடைமுள் வைக்க வேண்டும். மயில் வேலிக்கு அடங்காது, சட்டப்படி அதை ஒன்றும் செய்யவும் கூடாது. முளை நாலு இலை விடும்வரை பனையோலையைக் கவிழ்த்து வைக்கிறோம். வாய்க்கால் மண்ணைக் கொண்டுவந்து போட்டால் கோரைக்கிழங்கும் கூட வரும், அதற்கப்புறம் பிடுங்கி மாளாது. கோடைக்கு, கழுத்து வரை புதைத்த மண்பானையில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் கசிந்து கசிந்து வேருக்குப் போகும். காருகுறிச்சியில் வாய் உடைந்த பானைகளைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். வர்ணம் அடித்த பானை வேண்டாம், கசியாது.

அரங்குச் சுவரில் ஏற்றிய ஈஸ்வரமூலியைப் பற்றி ஒரு வார்த்தை. கறுத்த உடம்பில் சிவப்புக் குமிழ் வைத்த புழுக்கள் அதை மொட்டையடித்தன. முதல் வருடம் பொறுக்கிப் போட்டேன். அடுத்த வருடம் ஊரில் இல்லாததால் விட்டுவிட்டேன். மாதம் ஒன்று கழித்து, சிவந்த உடம்பும் கறுத்த சிறகுமாகப் பட்டாம்பூச்சிகள் பட்டாசலுக்குள் அலைந்தன, கொடியும் மறுபடி துளிர்த்துவிட்டது. அதிலிருந்து கட்டத்தில் அந்த மாதத்துக்கு நேரே "இலை இருக்காது" என்று எழுதிவைத்திருக்கிறேன். அந்தக் கொடியை மருந்து என்று சொல்லி யாரும் வாயில் வைக்க விடாதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

பெரியம்மை ஆரம்பத்திலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "வீடு வீடுங்க, வாசல் எங்களா?" கல்படி மட்டும் கிடந்தது, கதவுநிலை இல்லை. என்ன வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. 2021 ஆவணியில் அவளே இரண்டு பனங்கொட்டையைக் கொண்டுவந்து, படிக்கு இரண்டு பக்கமும் அவள் கையாலேயே புதைத்தாள். பனை முதலில் கீழேதான் போகும். நாலு மாதத்தில் தோண்டினால் கிழங்கு, தோண்டாவிட்டால் மரம். அந்தக் கார்த்திகையில் தெருப்பிள்ளைகள் தோண்டிவிடாமல் காவல் இருந்ததும் அவள்தான். இப்போது இரண்டும் விசிறி இலை விட்டிருக்கின்றன, இடுப்பு உயரம். தரைக்கு மேல் தண்டு எழும்ப இன்னும் பல வருடம் ஆகும். அவளுக்கு எழுபத்தெட்டு வயது.

தம்பி போன பொங்கலுக்குப் பிள்ளைகளோடு வந்தான். விற்கிற பேச்சை எடுக்கவில்லை. ஒரு கூடை அவரைக்காய் பறித்துக்கொண்டு போனான். தூணின் அடியில் கறையான் ஏறியிருப்பதை அவன்தான் கவனித்துச் சொன்னான். ஆசாரி வந்து தட்டிப் பார்த்து இரண்டு மூன்று வருடம் தாங்கும் என்றார். தூண் சாய்ந்தாலும் கற்கள் இருக்கும். அந்த இடத்தில் கட்டத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வண்டல் எடுக்க அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாசியில் இரண்டாவது குலுக்கை போட வருவதாகக் காருகுறிச்சி அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை அவருடைய மகளையும் கூட்டிவருகிறாராம், அவளுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று. கொழுஞ்சி விதையைப் பழைய குலுக்கையின் மேட்டிலிருந்தே உதிர்த்து ஒரு டப்பாவில் போட்டு, அங்கணத்துக் கல்மேல் காயவைத்திருக்கிறேன்.